வழியனுப்பும் பெட்டி

திருநள்ளாற்றில் சோமுவின் விடுதியில் ஒரு சட்டம் உண்டு. அறையைக் காலி செய்துகொண்டு கிளம்புகிற ஆளைப் பார்த்து யாரும் "போயிட்டு வாங்க" என்று சொல்லக் கூடாது. ஏழரைச் சனியைத் தலைமுழுகி, பழைய துணியை விட்டெறிந்து, திரும்பிப் பார்க்காமல் ஊருக்குப் போகிறவனிடம் 'திரும்பி வா' என்றால் அவன் சும்மா இருப்பானா? "சரி, பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். விடுதி வாசல் வளைவில்கூட 'நன்றி' மட்டும்தான் இருக்கும். மற்ற ஊர்களில் அதற்குக் கீழே எழுதும் இரண்டு சொற்களை இங்கே எழுதச் சொன்னால் பெயிண்டரே தூரிகையைக் கீழே போட்டுவிடுவார்.

சோமுவின் அக்கா ஞானசௌந்தரி அந்த விடுதி வீட்டில் பிறந்து வளர்ந்தவள். சுரக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு, காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாகி, நாற்காலியில் துண்டு போட்டு உட்காருகிற வயது வந்த பிறகும் அவளுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டுக்கு யார் வந்துவிட்டுப் போனாலும் "சரி, பாத்து" என்பாள், அவ்வளவுதான். ஒருமுறை விருந்துக்கு வந்த புதுமணத் தம்பதியையும் அப்படியே அனுப்பிவைக்க, 'இந்த வீட்டுக்கு நாம திரும்ப வரக் கூடாதா?' என்று அந்தப் பெண் பஸ்ஸில் அழுதுகொண்டே போனதாகக் கேள்வி.

இந்த ஞானசௌந்தரிக்கு ஒரே மகள் சந்திரலேகா. சென்னையில் கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து மாடி அறையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சும்மா கொடுக்க ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தாள். அதற்குப் பெயர் 'மடை'. ஏஐயை வைத்து ஒரு செயலி செய்ய நினைக்கிறவனுக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டும், இல்லையா? மடையில் அது வேண்டாம். திரையில் பெட்டிகள் இருக்கும். கேள்வி வந்து விழ ஒரு பெட்டி, நம்முடைய தகவல்களைக் கொட்டிவைக்க ஒரு பெட்டி, அதைப் படித்துப் பதில் சொல்லும் ஏஐக்கு ஒரு பெட்டி, பதிலை வாட்ஸப்பில் அனுப்ப ஒரு பெட்டி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுட்டியால் கோடு இழுத்தால் போதும். அந்தக் கோட்டுக்கு அவள் வைத்த பெயர் வாய்க்கால். உள்ளே இருக்கிற நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுக்கலாம், மாற்றலாம். எடுத்துக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட வேண்டாம்.

வினை அங்கேதான் இருந்தது. எவனும் சொல்லவில்லை. பயன்படுத்துகிறவர்களை ஒளிந்திருந்து எண்ணுவது அநாகரிகம் என்று சந்திரலேகாவும் அப்படி எதையும் உள்ளே வைக்கவில்லை. ஆகவே மடையை உலகத்தில் யாராவது தொட்டுப் பார்த்தார்களா என்பது அவளுக்கே தெரியாது.

"மடைன்னு பேரு மட்டும் வச்சுட்டே. தண்ணி வந்துச்சா?" என்று ஞானசௌந்தரி தினமும் அலுவலகம் கிளம்பும்போது கேட்பாள். காவிரித் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கும் கடைமடைக்காரர்களிடம் இதைவிடக் கூர்மையான கேள்வியைக் கேட்க முடியாது.

மாசி மாதத்தில் பெங்களூரு கம்பெனி ஒன்று சந்திரலேகாவைக் கூப்பிட்டது. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் சரி என்று சொல்ல வேண்டும். சரி என்றால் மடையை மூடிவைக்க வேண்டும். அந்தக் கம்பெனியும் அதே மாதிரிப் பெட்டிகளைத்தான் விற்கிறது, போட்டிக்கு வீட்டில் ஒன்று வளர்க்க விடுமா? மூட மனசில்லை என்றாள் சந்திரலேகா. ஞானசௌந்தரி தோசை திருப்பிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"நான் ஒண்ணும் ராட்சசி இல்லடி. ஒரே ஒரு வெளியாளு, நமக்கு ஒட்டு உறவு இல்லாதவன், 'இது இல்லாம எனக்கு முடியல'ன்னு சொல்லட்டும். அதுக்கப்பறம் உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். இல்லாட்டி திங்கக்கெழம நீ சரின்னு சொல்லணும்."

"சரி" என்றாள் சந்திரலேகா. சொல்லிவிட்டு, வெளியாளுக்கு எங்கே போவது என்று மாடிக்குப் போய்த் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மடையில் அவளுக்குக் கூட்டாளி ஒருவன் இருந்தான், ஆத்ரியேன். காரைக்கால் டவுனில் வீடு, கையில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், அக்கா ஷர்லோத் பாரீஸ் பக்கம். இருவருக்கும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று: மடையில் கண்ணுக்குத் தெரியாதது எதுவும் இருக்கக் கூடாது, நடப்பதெல்லாம் பெட்டியாகத் திரையில் தெரிய வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் சண்டைதான். அவனுக்குப் பெரிய கவலை மரியாதை. "பொன்ழூர்னு ஒரு வணக்கம் சொல்லாம உள்ள போனா பிரான்ஸ்ல ரொட்டிக்கடைக்காரன்கூட மூஞ்சியத் திருப்பிக்குவான். நம்ம சாட்பாட் பேச்சு முடிஞ்சதும் பொசுக்குன்னு நிக்குது. ரொம்ப அசிங்கமா இருக்கு லேகா" என்று போன வருடம் முழுக்கப் புலம்பினான். கடைசியில் அவனே ஒரு சின்னப் பெட்டி செய்து சேர்த்தான். உரையாடல் முடிந்ததும் அது நல்லதாக நாலு வார்த்தை சொல்லி ஆளை வழியனுப்பும். எல்லாருக்கும் பொதுவானதுதானே, திரையில் எதற்கு இடத்தை அடைக்க வேண்டும் என்று அதை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் வைத்துவிட்டான். 'மரியாதைதானே' என்று சந்திரலேகாவும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். கொள்கை பேசுகிறவர்கள் வழுக்கி விழுவதெல்லாம் இப்படிச் சின்ன இடங்களில்தான்.

வெளியாள் பிரச்சினைக்கு வழி சொன்னது சோமு மாமா. "நான் சொந்தந்தான், ஒத்துக்கறேன். எங்கிட்ட தங்குறவன் சொந்தமில்லையே? சனிக்கெழம கூட்டத்துக்கு ஒன் மடைய என் லாட்ஜுல ஓடவிடு. வர்றவன் நல்லாருக்குன்னு சொன்னா அக்கா வாயைத் தொறக்க முடியாது" என்றார். மருமகள் மேல் பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். 'வெந்நீர் வருமா, தீர்த்தத்துக்கு எத்தனை மணிக்குப் போகணும், எள் தீபம் எங்கே கிடைக்கும்' என்று நாள் முழுக்க வருகிற போன்களுக்குப் பதில் சொல்லி அவர் தொண்டை வறண்டிருந்தது.

வியாழக்கிழமை சந்திரலேகா மடிக்கணினியை விடுதி வரவேற்பு மேசையில் விரித்து வைத்தாள். அவள் தொடக் கூடாது, மாமாவே செய்ய வேண்டும் என்று ஞானசௌந்தரியின் கண்டிப்பு. சோமு மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பெட்டிகளை இழுக்க ஆரம்பித்தார். முதலில் செய்தது ஒரு வட்டமாகப் போய்விட்டது. 'ரூம் வேண்டுமா?' என்று பாட் கேட்கும். ஆமாம் என்றால் மறுபடியும் 'ரூம் வேண்டுமா?' என்று கேட்கும். "இது நம்ம பழைய மேனேஜரு மாதிரியே இருக்கே" என்று மாமா பூரித்துப்போனார். பிறகு வாய்க்காலைத் திருப்பிப் போட்டார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் விடுதி எண்ணுக்கு வந்த கேள்விகளுக்கெல்லாம் மடை ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

தலைகால் புரியாதவர் கையில் சுட்டி இருந்தால் என்ன ஆகும்? சந்திரலேகா கை கழுவிவிட்டு வருவதற்குள் திரையின் ஓரத்தில் ஒரு புதுப் பெட்டி முளைத்திருந்தது. எதிர் விடுதி குஞ்சிதபாதத்துடையது. சோமுவுக்கும் அவருக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆகாது. யாராவது 'வேறு லாட்ஜ் இருக்கா' என்று கேட்டால் 'குஞ்சிதபாதம் விடுதியில் கொசு அதிகம்' என்று அந்தப் பெட்டி பதில் சொல்லும்.

"மாமா, இதை எடுங்க."

"உண்மையத்தானேம்மா சொல்றேன்."

"ஒங்க லாட்ஜுலயுந்தான் கொசு இருக்கு."

"இருக்கு. அதுக்குன்னு பெட்டி வைக்க முடியுமா?"

எடுத்துவிட்டதாகச் சொன்னார். எடுக்கவில்லை, தகவல் பெட்டிக்குப் பின்னால் நகர்த்தி மறைத்து வைத்தார். அதோடு விட்டாரா? 'பகிர்' என்ற பொத்தானை அழுத்தி, வந்த இணைப்பை 'பாருங்கடா என் வேலையை' என்கிற தோரணையில் விடுதிக்காரர்கள் குழுவில் போட்டார். இணைப்பைத் தட்டினால் மொத்த அமைப்பும் அப்படியே அவரவர் கணினியில் வந்து உட்கார்ந்துவிடும் என்பதை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

சனிக்கிழமை விடிந்தது. ஞானசௌந்தரி விடுமுறை நாளென்று தம்பி விடுதிக்கே வந்து, வரவேற்பறை சோபாவில் தணிக்கைக்கு வந்த அதிகாரி மாதிரி உட்கார்ந்துகொண்டாள். கூட்டம் அலைமோதியது. மடை அசரவில்லை. தெலுங்கில் கேட்டவனுக்குத் தெலுங்கில் சொன்னது. குளித்த துணியை எங்கே போடுவது என்று கேட்ட பாட்டிமார்களுக்குத் தொட்டி இருக்கும் இடத்தைச் சொன்னது. சேலத்திலிருந்து வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு வந்திருந்த ஒரு ஜவுளிக்கடை அம்மாள், கிளம்பும்போது ஞானசௌந்தரியைப் பார்த்து, "ஏனுங்க, போன்ல பதில் சொன்ன பொண்ணு யாருங்க? பத்தரமாத்துத் தங்கமுங்க. ஒரு கேள்விக்குக்கூடச் சலிச்சுக்கலைங்க" என்றாள்.

ஞானசௌந்தரி மகளைப் பார்த்தாள். தூக்கியிருந்த புருவம் கொஞ்சம் இறங்கியது. சந்திரலேகாவுக்கு உள்ளுக்குள் மத்தாப்பு கொளுத்தியது.

சேலத்து வேன் "பாத்துப் போங்க"வோடு கிளம்பிப் போனது. சோமு அறை காலி என்று கணினியில் குறித்தார். அறை காலியானால் உரையாடல் முடிந்தது என்று பொருள். உரையாடல் முடிந்தால் ஆத்ரியேனின் பெட்டிக்கு வேலை வந்துவிட்டது என்று பொருள்.

மதியம் அந்த வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பி வந்து வாசலில் நின்றது. கும்பகோணத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். ஜவுளிக்கடை அம்மாள் இறங்கி வந்த வேகத்தில் பத்தரமாத்துத் தங்கம் எல்லாம் பித்தளையாகிவிட்டிருந்தது. போனைச் சோமுவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"படிங்க. சத்தமாப் படிங்க."

சோமு படித்தார். "உங்களோடு இருந்தது மகிழ்ச்சி. நாங்கள் உங்களை மறக்க மாட்டோம். விரைவில் மீண்டும் சந்திப்போம்!" அதற்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் மூஞ்சி சிரித்துக்கொண்டிருந்தது.

"ஏழரை வருசம் பட்டுட்டு இப்பத்தான் தல முழுகிட்டுப் போறேன். திருநள்ளாத்துலருந்து எனக்கு இப்படி வரலாங்களா? யாருங்க என்னைய மறக்க மாட்டீங்க? யாருங்க விரைவில் சந்திக்கறது? எதுக்குங்க அந்தச் சிரிப்பு?"

சோமு வெளிறிப்போய்த் திரையில் ஒவ்வொரு பெட்டியாகத் தேடினார். எங்கேயும் இல்லை. "நான் எழுதலம்மா, சத்தியமா எழுதல. இதுலதான் எல்லாம் கண்ணுக்குத் தெரியுமே!" என்று மருமகளைப் பார்த்தார். சந்திரலேகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மாமா விடுதியின் ஒரே சட்டத்தை, மாமாவின் எண்ணிலிருந்தே, அவளுடைய மடை காலையிலிருந்து வண்டி வண்டியாக உடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதற்குள் இன்னும் நாலைந்து வண்டிகள் திரும்பி வந்துவிட்டன. மறுபடி தீர்த்தத்தில் முங்க வேண்டும், மறுபடி எள் தீபம் ஏற்ற வேண்டும் என்று ஒரே கூச்சல். சோமு ஆளாளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுக் காலியான அறைகளையே மறுபடி திறந்துவிட்டார்.

இந்தச் சந்தடியில் குஞ்சிதபாதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார்.

"ஏய் சோமு! என் லாட்ஜுல கொசுன்னு எவன்டா சொன்னது?"

"யாருகிட்ட சொன்னேன்?"

"என் கஸ்டமருக்கெல்லாம் மெசேஜ் போயிருக்கு!"

"எந்த நம்பர்லேர்ந்து?"

குஞ்சிதபாதம் தன் போனைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய நம்பரிலிருந்துதான் போயிருந்தது. குழுவில் வந்த அமைப்பை ஓசைப்படாமல் எடுத்து, மேலே விடுதிப் பெயரை மட்டும் மாற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்காமல் ஓடவிட்டிருக்கிறார். 'வேறு லாட்ஜ் இருக்கா' என்று கேட்டவர்களுக்கெல்லாம், குஞ்சிதபாதம் விடுதியில் கொசு அதிகம் என்று குஞ்சிதபாதம் விடுதியே காலையிலிருந்து அறிவித்துக்கொண்டிருந்தது. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, இவருக்கு அந்தச் செலவுகூட இல்லை.

சந்திரலேகாவுக்கு அந்த நிலைமையிலும் ஒரு நம்பிக்கை துளிர்த்தது. இவர் வெளியாள். ஒட்டுமில்லை, உறவுமில்லை. மடையை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். ஓடிப்போய், "அங்கிள், நீங்க மடைய யூஸ் பண்றீங்கள்ல? எங்கம்மாகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க அங்கிள்" என்று கெஞ்சினாள்.

"நானா? நான் எதையும் காப்பி அடிக்கலியே!" என்று குஞ்சிதபாதம் வந்த வேகத்திலேயே தெருவைக் கடந்து போய்விட்டார். செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஞானசௌந்தரி சோபாவிலிருந்து எழுந்தாள். "போலாமா?" என்றாள். வண்டியில் வரும் வழியெல்லாம் பெங்களூருக்கு எந்தப் பெட்டியை எடுத்துப்போவது என்று மட்டும் பேசினாள். திட்டியிருந்தால் சந்திரலேகா தாங்கிக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சோமுவே சுரக்குடிக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று சந்திரலேகா நினைத்தாள். அவரோ அக்கா பின்கட்டில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"புள்ள, ஞாயித்துக்கெழம என் லாட்ஜு காத்து வாங்கும். நேத்தி போனவன் பூரா திரும்பி வந்து தங்கி, இன்னைக்கு ஒரு ரூம் காலியில்ல. அந்தப் பெட்டி இருக்குல்ல... அதை ஒரு மாசத்துக்கு அப்படியே விட்டு வையேன்."

"மாமா!"

"சும்மா கேளு. வெளியாளு ஒருத்தனைப் புடிச்சுப் பேச வைக்கிறேன், அக்காவ நான் பாத்துக்கறேன். நீ பெங்களூரு போவ வேணாம். எனக்கும் நல்லது, ஒனக்கும் நல்லது."

இரண்டு வருட உழைப்பு ஒரு தலையாட்டலில் பிழைத்துவிடும். சந்திரலேகா தலையாட்டியிருக்கலாம் என்றுதான் எனக்கே தோன்றுகிறது. அவளுக்குக் கோபம்தான் வந்தது. மாமா மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்தது அதிகம். கண்ணுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை ஒளித்து வைத்திருந்தவள் அவள்தானே? "மாட்டேன் மாமா. போறதா இருந்தாலும் ஒழுங்கா ஆக்கி வச்சுட்டுத்தான் போவேன்" என்று மாடியேறினாள்.

ஆத்ரியேனைப் போனில் பிடித்தாள். அவன் பாவம், நடந்ததைக் கேட்டுவிட்டு, "அ பியந்தோ, சீக்கிரம் பாப்போம்னு சொன்னா கோவிச்சுக்கற ஊரு உலகத்துலயே இதுதான்" என்று முணுமுணுத்தான். பிறகு, "வேற வரி எழுதிடலாமா? 'பாத்துப் போங்க'?" என்றான்.

"வேணாம். நாம எழுதவே கூடாது. பெட்டியைத் திரையில கொண்டாந்து வெளிச்சமா வை. உள்ள காலியா விடு. அவங்கவங்க ஊருக்கு என்னவோ அதை அவங்கவங்க எழுதட்டும். எழுதாட்டி ஓடாதுன்னு வை."

"ஏற்கெனவே ஓடிட்டிருக்கறதெல்லாம் நின்னுடும் லேகா."

"எது ஓடுது? யாரு வச்சிருக்கா? நின்னா யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் செய்தான். மதியத்துக்குள் புது மடை வெளியே போய்விட்டது; எங்கெங்கே மடை ஓடுகிறதோ அங்கெல்லாம் இரவில் தானாகவே அது போய் உட்கார்ந்துகொள்ளும். சந்திரலேகா பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் மடிக்கணினியைத் திறந்தது பெங்களூருக்குச் சம்மதம் எழுதத்தான். திறந்தவள் அப்படியே நின்றாள். மடையின் புகார்ப் பக்கம், இத்தனை நாளும் அவளும் ஆத்ரியேனும் மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்தப் பக்கம், திருவிழாக் கடைத்தெரு மாதிரி நிரம்பி வழிந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு நூலகம். பெரு நாட்டில் ஒரு கால்நடை மருத்துவர். கென்யாவில் ஒரு தையல் பள்ளி. எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தார்கள்: எங்களுடையது ஏன் நின்றுவிட்டது? சிலர் மரியாதையாக, பலர் அது இல்லாமல்.

போன் அடித்தது. ஆத்ரியேன். "லேகா, மண்டபத்தூர்லேர்ந்து ஒருத்தர் போன் பண்ணாரு. ரொம்பக் கோவமா இருந்தாரு. எனக்குப் பயமாயிடுச்சு, ஒன் வீட்டுக்கு வழி சொல்லிட்டேன்" என்றான். பயந்தவன் குரலில் சிரிப்பு எதற்கு என்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

ஞானசௌந்தரி கைப்பையை மாட்டிக்கொண்டு அலுவலகம் கிளம்ப வாசலுக்கு வரவும், ஒரு பைக் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. இறங்கியவர் லுங்கியும் சட்டையுமாக இருந்தார். சட்டையில் மரத்தூளும் ஈரமும். மண்டபத்தூரில் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனி வைத்திருக்கும் சிலம்பரசன்.

"மடைங்கறது யாரு? நீங்களா?" என்று ஞானசௌந்தரியைப் பார்த்தே கேட்டார்.

"எம்பொண்ணு. என்ன விஷயம்?"

"என்ன விஷயமா? காத்தாலேர்ந்து எவனுக்கும் பதில் போவலம்மா. எந்தப் போட்டுக்கு எத்தனை ஐஸ் பார், எப்ப ஏத்தலாம், எல்லாம் அதுதான் சொல்லும். செவப்பா ஒரு பொட்டி வந்து நிக்குது, கடைசி வார்த்தைய எழுதுன்னு! நான் ஐஸ் ஏத்துவனா, வார்த்தை எழுதுவனா?"

ஞானசௌந்தரியின் கண் இடுங்கியது. தம்பியின் செட்டப்போ என்று ஒரு சந்தேகம். அவளுக்குள்ளிருந்த சூப்பிரண்டு வெளியே வந்தாள். "எங்க சோமுவ உங்களுக்குத் தெரியுமா?"

"எந்த சோமு?"

"எத்தனை நாளா இதை வச்சிருக்கீங்க?"

"போன மீன்புடி தடைக்காலம் முடிஞ்சதுலேர்ந்து."

"இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலியே?"

"நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. நல்லா ஓடுனா எதுக்கும்மா சொல்லணும்?" என்று சிலம்பரசன் எரிந்து விழுந்தார்.

சந்திரலேகா ஓடி வந்தாள். "மன்னிச்சுக்குங்க அண்ணே. பெருவுல ஒரு மாட்டு டாக்டர்கூட ஏன் நின்னுச்சுன்னு கேட்டிருக்காரு. அந்தச் செவப்புப் பெட்டியில ஒங்க இஷ்டத்துக்கு எதையாவது எழுதுனீங்கன்னா ஓடிடும். முன்ன நாங்களே ஒண்ணு எழுதி வச்சிருந்தோம். அது தப்பாப் போயிடுச்சு, அதான் எடுத்துட்டோம்."

"எது தப்பு?" சிலம்பரசனின் குரல் மாறியது. "'உங்களை மறக்க மாட்டோம், விரைவில் மீண்டும் சந்திப்போம்'னு வருமே, அதா தப்பு? கடலுக்குப் போறவனுக்கு அதைவிட என்னம்மா வேணும்? ஐஸ் ஏத்துனதும் அது வரும். வந்தப்பறந்தான் கயித்தையே அவுப்பானுவோ. வீட்டுல இருக்கற பொம்பளைங்களும் வந்துச்சா வந்துச்சான்னு கேட்டுக்குவாங்க. இன்னைக்கு வரல. ரெண்டு போட்டு இன்னும் கரையிலயே நிக்குது. அதுக்குத்தான் நான் வந்தேன். ஐஸுக்கா வந்தேன்?"

சந்திரலேகா அவர் போனை வாங்கி, அந்தச் சிவப்புப் பெட்டியைத் திறந்து, பழைய வரியை ஓர் எழுத்து மாறாமல் எழுதினாள். மஞ்சள் மூஞ்சியையும் மறக்காமல் வைத்தாள். வாய்க்கால் பச்சையானது. மண்டபத்தூரிலிருந்து உடனே யாரோ சிலம்பரசனைக் கூப்பிட்டு, வந்துவிட்டது, கிளம்புகிறோம் என்றார்கள்.

"இது இல்லாம முடியலம்மா. இனிமே சொல்லாம கொள்ளாம மாத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் பைக்கை உதைத்தார்.

சந்திரலேகா அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். ஞானசௌந்தரி கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். பைக் நகர்ந்துவிட்டது. இரண்டடி பின்னாலேயே போய், தெரு முழுக்கக் கேட்கும்படி, பிறந்ததிலிருந்து எவரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"தம்பி! போயிட்டு வாங்க!"

அவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

"அடிக்கடி வாங்க. வந்து இதே மாதிரி நல்லாத் திட்டுங்க!"

பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "என்னடி நிக்கற? அந்தப் பெங்களூருக்காரனுக்கு முடியாதுன்னு எழுதிட்டு, பெருவுல மாட்டு டாக்டர் என்னமோ கேட்டாருன்னியே, அதைப் போயிப் பாரு" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.